பொம்மை வீட்டை வாங்குமுன் அதன் முதுகைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: ஒரு பழைய பொருள் கடையில் கையால் செய்த பொம்மை வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். 1930களில் இங்கிலாந்தில் செய்தது, 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறார் கடைக்காரர். முன்பக்கம் முழுவதும் கதவு மாதிரித் திறக்கிறது, உள்ளே நான்கு அறை. சுவர்த்தாள் அங்கங்கே கிழிந்திருக்கிறது, வெளியே பெயிண்ட் உரிந்திருக்கிறது. மினியேச்சர் சேகரிப்பில் நீங்கள் புதியவர். வாங்கலாமா, வாங்கினால் புதுப் பெயிண்ட் அடித்து, சுவர்த்தாளை மாற்றி, உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைக்கலாமா என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். பெயிண்ட் அடிக்கும் எண்ணத்தை மூட்டை கட்டி வையுங்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய பொம்மை வீடுகளை வாங்கிச் சேகரிப்பவர்களுக்கு விற்கும் ஒரு சின்னக் கடையில் 14 ஆண்டுகளாகப் பழுதுபார்ப்பது என் வேலை. கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) மேல்மாடி, ஒரு மேசை, ஒரு விளக்கு, அவ்வளவுதான் இடம். அந்த மேசைக்கு வந்த வீடுகளைக் காலம் கெடுத்ததைவிட, ஆசை ஆசையாகப் புதுப்பித்தவர்கள் கெடுத்ததே அதிகம். அதனால்தான் உங்கள் கேள்வியில் கிழிந்த சுவர்த்தாள், உரிந்த பெயிண்ட் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் இன்னும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் வயது. முன்முகம் எல்லோரும் பார்க்கும் இடம், அதனால் அதைத்தான் எல்லோரும் மாற்றியிருப்பார்கள். பின்பலகை, அடிப்பலகை, கூரையின் உள்பக்கம், இந்த மூன்றும் பொய் சொல்லாது. கடைக்காரரிடம் கேட்டு, இரண்டு பேராகப் பிடித்து வீட்டைத் திருப்பி வையுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

பின்பலகை எதனால் ஆனது என்று பாருங்கள். ஒரே மரப்பலகையா, பிளைவுட்டா, ஹார்ட்போர்டா? ஹார்ட்போர்டு என்றால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கம்பிவலை பதிந்த மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கும். அது 1924க்குப் பிறகு வந்த பொருள், ஆகவே 1930களின் வீட்டில் இருக்கலாம், விக்டோரியா காலத்து வீட்டில் இருக்க முடியாது. வெட்டிய ஓரம் பழுப்புநிற மாவை அழுத்தியது போல, இழை எதுவும் தெரியாமல் இருந்தால் அது எம்டிஎஃப், நுண்ணிய மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை. 1980களுக்குப் பிறகே அது பரவலானது. அந்த வீட்டை 1930 என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம் கீல்களில் உள்ள ஸ்க்ரூ. தலையில் ஒரே ஒரு கோடு வெட்டியிருந்தால் நல்ல அடையாளம். கூட்டல் குறி மாதிரி இருந்தால் அது பிலிப்ஸ் ஸ்க்ரூ, 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது, பொம்மை வீட்டுக்கு வந்து சேர இன்னும் காலம் ஆனது. அதற்காக உடனே வீட்டை ஒதுக்கிவிட வேண்டாம், கீலை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாம். கீலுக்குப் பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டைகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வீடு பழையது, கீல்தான் புதியது.

ஒரு சின்ன புற ஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள், ரூபாய் நோட்டுச் சோதிப்பவர்கள் வைத்திருப்பார்களே, அது. இருட்டில் சுவர்த்தாள் மேல் அடியுங்கள். 1950களிலிருந்து காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். அதற்கு முந்திய தாள் மங்கலாக, செத்த மாதிரி கிடக்கும். நான்கு அறையில் மூன்று மங்கலாகவும் ஒன்று பளிச்சென்றும் இருந்தால், எந்த அறையைப் பிற்பாடு மாற்றினார்கள் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலையில் இன்றும் சலிக்காத நிமிடம் இதுதான்.

ஓர் அளவுகோலும் எடுத்துப் போங்கள். சேகரிப்பவர்கள் இன்று பெரும்பாலும் பேசும் கணக்கு 1:12, அதாவது நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். அந்தக் கணக்கில் வாசல் கதவு 17 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும், நாற்காலியின் உட்காரும் உயரம் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிரிட்டிஷ் அரசி மேரிக்காகக் கட்டட வல்லுநர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924ல் முடித்த புகழ்பெற்ற பொம்மை வீடும் இதே கணக்குத்தான். அதன் குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதை முதலில் மக்கள் பார்த்தது லண்டன் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில். அதே கண்காட்சியில் மலாயாவுக்கும் ஓர் அரங்கு இருந்தது. நம் ஊர் ரப்பரையும் வெள்ளீயத்தையும் பார்க்கப் போன கூட்டத்தில் சிலர் அந்தச் சின்ன அரண்மனையையும் எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பழைய வீடுகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கடைகளுக்காகச் செய்த பல வீடுகள் 1:16 பக்கம் நிற்கும். ஸ்வீடன் நாட்டு லுண்ட்பி வீடுகளும் 1:12ஐவிடச் சின்னவை. பழைய வீட்டுக்குள் ஒரே அறையிலேயே கதவு ஒரு கணக்கிலும் அடுப்பு இன்னொரு கணக்கிலும் இருக்கும். அது குறையில்லை. அளந்து குறித்துக்கொள்ளச் சொல்வது பிற்பாடு வாங்கப்போகும் சாமான்களுக்காக. 1:12 சாப்பாட்டு மேசையை 1:16 அறையில் வைத்தால் குடித்தனக்காரர் நடக்கவே இடம் இருக்காது.

இனி "கையால் செய்தது" என்ற சொல். இங்கிலாந்தின் லைன்ஸ் சகோதரர்கள் டிரையாங் என்ற பெயரில் 1971ல் கம்பெனி நொடிக்கும் வரை ஏராளமான வீடுகளைத் தொழிற்சாலையில் செய்தார்கள். முக்கோண முத்திரையும் தகர ஜன்னல்களும் அவர்கள் அடையாளம். ஜெர்மனியில் மோரிட்ஸ் கோட்ஷால்க் செய்த வீடுகளை நீலக் கூரை, சிவப்புக் கூரை என்று பிரிப்பார்கள். நீலம் பொதுவாக முதல் உலகப் போருக்கு முந்தியது, சிவப்பு பிந்தியது. அடியில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். இவை கம்பெனி வீடுகள். கையால் செய்தது என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, தாத்தா, அல்லது சித்தப்பா செய்தது. அப்படிச் செய்தவர்களும் எல்லோரும் கற்பனையில் செய்யவில்லை. இங்கிலாந்தின் டெரம் என்ற ஊரில் இருந்த ஹாபீஸ் என்ற கம்பெனி 1895 முதல் வார இதழ் போட்டு, நுண்ரம்பத்தால் வெட்டிச் செய்வதற்கான வரைபடங்களை விற்றது. பொம்மை வீட்டு வரைபடங்களும் அதில் உண்டு. நீங்கள் பார்த்ததும் அப்படி ஒன்றாக இருக்கலாம். ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு அப்பாக்கள் செய்த இரண்டு வீடுகள் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. ஒருவர் படிக்கட்டின் ஒவ்வொரு கைப்பிடிக் குச்சியையும் உருட்டி இழைத்திருந்தார். இன்னொருவர் தீக்குச்சியை வரிசையாக நட்டிருந்தார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடித்தது. குச்சிகளின் மருந்துத் தலையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய இடத்தை ஒவ்வொன்றாக மழுக்கியிருந்தார், பிள்ளை கை படுமே என்று.

இங்கிலாந்து என்ற வார்த்தைக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சிராங்கூன் கார்டன் பக்கம் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு பொம்மை வீடு வந்தது. அந்தப் பேட்டையில் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படைக் குடும்பங்கள் நிறைய இருந்தன, 1971ல் படைகள் வெளியேறியபோது அவர்களும் போனார்கள். வந்த வீட்டின் முகம் அச்சு அசல் ஆங்கிலக் குடில்: வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள், வைர வடிவக் கண்ணாடி. தூக்கும்போதே எனக்குச் சந்தேகம், அந்த அளவுக்கு அது கனத்திருக்கக் கூடாது. கூரையைக் கழற்றினால் உள்ளே சிவந்த மரம், நம் பக்கத்து மெராந்தி. பின்பக்கம் போனால் ஜன்னலில் கண்ணாடியே இல்லை, வரிசையாகச் சாய்த்து ஒட்டிய மரச் சட்டங்கள், காற்று வரும் மாதிரி. உள்கதவு ஒவ்வொன்றின் மேலும் காற்றுப் போக்கி. சமையல்கட்டு வீட்டோடு இல்லை. தனியாகப் பின்னால் ஒரு கொட்டகை, நடுவில் கூரை போட்ட நடைபாதை. அந்தக் கொட்டகையின் தரை சிவப்புச் சிமெண்ட் நிறத்தில், மூலையில் கரியடுப்பு வைக்கும் திட்டு, திட்டின் மேல் சுவரில் புகைக் கறையைக்கூடச் சாம்பல் நிறத்தில் தீட்டியிருந்தார்கள். முகத்தை யாரோ காட்டிய படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார். முதுகைத் தான் அன்றாடம் பார்த்த வீட்டைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

கூரையின் உள்பக்கம் பென்சிலில் சில கோடுகள். எனக்குக் கீறல் மாதிரி தெரிந்தது. எங்கள் முதலாளி சீனர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது கீறல் இல்லை, எண்கள். எங்கப்பா மளிகைக் கடைக் கணக்கில் இப்படித்தான் எழுதுவார்" என்றார். சூச்சோவ் எண்கள், பழைய சீன வணிகர்களும் தொழிலாளர்களும் கணக்குக்குப் பயன்படுத்தியவை. பலகையின் நீளத்தைத் தச்சர் குறித்து வைத்திருக்கிறார். விற்க வந்தவர்கள் அதை இங்கிலாந்து வீடு என்றுதான் சொன்னார்கள். உண்மையில் அது சிங்கப்பூரிலோ மலாயாவிலோ ஒரு சீனத் தச்சர் செய்தது. டிரையாங் வீட்டுக்கு இணையான இன்னொரு டிரையாங் வீட்டைத் தேடினால் கிடைக்கும். இதற்கு இணையானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்த வீட்டையும் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் உள்பக்க மரத்தை நன்றாகக் கவனியுங்கள்.

சரி, பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அடிக்காதீர்கள். சுவர்த்தாளையும் உரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. ஒரு வீட்டின் படுக்கையறையில் பழுப்பேறிய அசிங்கமான பூத்தாள் ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அடியில் பச்சைக் கோடு போட்ட இன்னொரு தாள். அதுவும் நனைந்து கூடவே வந்தது. அதற்கும் அடியில் மரத்தின் பிளவை அடைக்கச் செய்தித்தாள் கீற்றுகளை ஒட்டியிருந்தார்கள். நான் பார்த்தபோது எழுத்துகள் தெரிந்தன. ஒரு கீற்றின் மேல் ஓரத்தில் தேதி வரி இருந்தது, மாதத்தின் பெயரைப் படித்தேன். ஆண்டைப் படிக்குமுன் அந்த ஓரம் கூழாகி என் விரலோடு வந்துவிட்டது. அந்த வீட்டின் வயதை உறுதியாகச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சான்று அது. வீட்டைக் கொடுத்தவர் மூன்று தலைமுறையாக வைத்திருந்தவர். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பழைய வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் 850 வெள்ளியில் மரத்துக்கு விலை கொஞ்சம்தான். அந்தத் தாள், அந்தப் பெயிண்ட், குழந்தை விரல் பட்டுத் தேய்ந்த அந்தக் கதவோரம், இவற்றுக்குத்தான் மீதி. புதுப் பெயிண்ட் அடித்த நாளே அது புதுக் கதவோரம் ஆகிவிடும். புதிதாகப் பளிச்சென்று ஒரு வீடு வேண்டும் என்றால் அதில் தப்பே இல்லை. மரத்துண்டுகளாக வரும் புது வீடு ஒன்றை வாங்கி மனம் போல வண்ணம் அடியுங்கள், நானும் அடித்திருக்கிறேன். பழைய வீட்டில் மட்டும் அந்த ஆசையைக் காட்ட வேண்டாம்.

அப்படியென்றால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம், திரும்ப எடுத்துவிடக் கூடியதைச் செய்யலாம். முதலில் மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் சுவர்த்தாளை மீதைல் செல்லுலோஸ் பசை தொட்டு ஒட்டலாம், பிற்பாடு தண்ணீர் காட்டினால் விட்டுவிடும். மைதா பசை காய்ச்சி ஒட்டாதீர்கள். நம் வீடுகளில் பழக்கம்தான், பிடிப்பும் நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊரில் அது இராமபாணப் பூச்சிக்கு வைத்த விருந்து. மரம் விட்டுப்போன இடத்துக்கு வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசை) நல்லது. பழைய வீடுகள் பல அதனால் ஒட்டியவையே, வெந்நீரில் இளகும். வெள்ளைப் பசை, சூப்பர் குளூ இரண்டையும் பெட்டியிலேயே விடுங்கள். சுவர் வெறுமையாக இருப்பது கண்ணை உறுத்தினால், அட்டையில் புதுச் சுவர்த்தாள் ஒட்டி அறைக்குள் செருகி வைக்கலாம். வேண்டாம் என்றால் உருவிவிடலாம், பழைய தாள் பின்னால் பத்திரமாக இருக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு. தேய்த்தால் அந்தத் தூசி உங்கள் நுரையீரலுக்குப் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வீட்டை விளையாடக் கொடுக்காதீர்கள். பார்க்க மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். விளையாட அவர்களுக்குச் சொப்புச் சாமான் வாங்கிக் கொடுங்கள், தேக்கா சந்தைப் பக்கம் கிடைக்கும்.

அடுத்தது நம் ஊர் ஈரம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஏறத்தாழ 65, 70ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் பலர் செய்யும் தவறு, வீட்டைக் குளிர்சாதன அறையில் வைப்பது. இரவு எட்டு மணி நேரம் உலர்ந்த குளிர், பகலெல்லாம் புழுக்கம். மரம் நாள்தோறும் சுருங்கி விரியும், அதன் மேல் ஒட்டிய தாள் கூடவே விரியாமல் கிழியும். தொடர்ந்து 60ல் இருப்பது, 45க்கும் 85க்கும் நடுவே ஊசலாடுவதைவிட மேல். உங்கள் வீட்டில் நான் தேர்ந்தெடுப்பேன் என்றால் வரவேற்பறையின் உட்சுவர் பக்கம், வெயில் நேரே விழாத இடம், தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை, பின்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. சமையலறை, குளியலறைச் சுவர் வேண்டவே வேண்டாம். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஈரமானி ஒன்று வாங்கிப் பொம்மை வீட்டின் உள்ளேயே வையுங்கள். ஒரு மாதம் பார்த்தால் அந்த இடம் நல்லதா இல்லையா என்று அதுவே சொல்லும்.

ஈரம் உறிஞ்ச அலமாரிகளில் வைப்போமே, தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பா, அதைப் பொம்மை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் அந்தக் கரைசல் மரத்தில் ஊறி எத்தனை நாளானாலும் காயாது. சின்னச் சாமான்களுக்குப் புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர்பெட்டி அருமையானது. 50, 55ல் வையுங்கள். 40க்குக் கீழே இறக்கினால் ஒட்டுகள் பிளக்கும்.

பூச்சி ஒரு சோதனையில் தெரியும். வாங்குமுன் வீட்டை ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து லேசாகத் தட்டச் சொல்லுங்கள். மாவு மாதிரி விழுந்தால் மரம் உளுத்திருக்கிறது. கசகசா மாதிரி மணி மணியாக விழுந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். அந்த வீட்டை உங்கள் வீட்டு வாசல் தாண்டிக் கொண்டுவராதீர்கள், உங்கள் கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் வினை. சின்ன மரச் சாமான் என்றால் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் சுற்றியபடியே விட்டுப் பிரிக்கலாம். முழு வீடு எந்த உறைபெட்டியிலும் நுழையாது. அதற்குப் பூச்சி ஒழிப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வீட்டோடு சாமான்களும் வருகின்றனவா என்று எழுதவில்லை. வந்தால் மூன்றை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒன்று, வெள்ளையாக வழவழவென்று இருக்கும் நாற்காலி, தட்டு, சதுரங்கக் காய் போன்றவை எலும்பா தந்தமா என்று. எலும்பில் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் பின்னல் மாதிரிக் குறுக்குக் கோடுகள் ஓடும். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்தப் பொருள்களை விற்பதற்கும் விற்பனைக்குக் காட்சி வைப்பதற்கும் தடை இருக்கிறது, பழையது என்பதால் விலக்கு இல்லை. இரண்டு, மெல்லிய ஓடு மாதிரியான செல்லுலாய்ட் பொம்மைகள். கற்பூரம் சேர்த்துச் செய்தவை, முகர்ந்தாலே பூஜையறை வாசனை வரும். சட்டென்று தீப்பற்றும், சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். மூன்று, ஈயத்தில் வார்த்த சாமான்கள். வெள்ளைத் தூள் பூத்திருந்தால் ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். புது எம்டிஎஃப் அலமாரியிலும் அவற்றை வைக்காதீர்கள், அந்த மரத்தின் அமில ஆவிதான் ஈயத்தை அரிக்கிறது. வீட்டில் பழைய விளக்கு வயர் ஓடினால் பிளக்கில் செருகிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், நம் மின்சாரம் 230 வோல்ட், அந்தச் சின்ன விளக்குகள் அதைத் தாங்காது.

விலை. படம் பார்க்காமல் 850 சரியா என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒப்பிடுமுன் கூரியர் கணக்கைப் பாருங்கள். விமானக் கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 80க்கு 50க்கு 70 பெட்டி என்றால் 56 கிலோ. உள்ளே இருக்கும் வீடு 12 கிலோதான் என்றாலும் 56க்குத்தான் பில். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துப் போடுவார்கள். 500 வெள்ளி வீட்டுக்கு 400 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் வரி மட்டும் 81 வெள்ளி. வழியில் கூரை நொறுங்கினால் அதுவும் உங்கள் தலையில். இங்கேயே கையால் தொட்டுத் திருப்பிப் பார்க்கக் கிடைத்த வீட்டுக்கு அந்த வகையில் ஒரு மதிப்பு உண்டு. பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில் மூடிய பிறகு அப்படி எதிர்பாராமல் கண்ணில் படுவதும் குறைந்துவிட்டது.

முடிவெடுக்குமுன் ஒரு நாள் சியா ஸ்திரீட்டில் உள்ள மின்ட் பொம்மை அரும்பொருளகத்துக்குப் போய்வாருங்கள். அது பொம்மை வீட்டுக்கென்றே உள்ள இடம் இல்லை. ஆனால் 60, 70 வருடம் யாரும் கை வைக்காத சாயம் எப்படி மங்கும், எந்த ஓரத்தில் முதலில் தேயும் என்பது அங்கே ஒரு மணி நேரம் நின்றால் கண்ணுக்குப் பழகிவிடும். செயற்கையாகத் தேய்த்துப் பழசாக்கிய வீடு பிறகு உங்களை ஏமாற்ற முடியாது. உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கும்: கதவு விளிம்பு, படியின் நடு, கூரையைத் தூக்கும் இடம். போலியில் எல்லா மூலையும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கும்.

வாங்கிய பிறகு சேகரிப்பை எந்தத் திசையில் கொண்டுபோவது என்று யோசிக்க நிறைய நாள் இருக்கிறது. நமக்கு இது அந்நியமான ஆசை இல்லை. பெண் பிள்ளைகள் மணலில் கட்டி விளையாடிய வீட்டுக்குச் சிற்றில் என்று பழந்தமிழில் பெயரே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கொலுப்படியின் கீழே சந்தை, குளம், கல்யாண ஊர்வலம் என்று ஒரு சின்ன ஊரையே அமைக்கிறோம். கையில் அளவுகோலோடு யோசித்தால் இன்னொன்றும் தோன்றும். நம் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழி, அதாவது கூரை போட்ட நடைபாதை, நவீனச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822ல் வகுத்த திட்டத்திலிருந்து வருவது. 1:12 கணக்கில் அது சரியாக ஐந்து அங்குலம். சுவரில் பதிக்கும் ஆறு அங்குலப் பூவேலைப் பெரனாக்கன் ஓடு அரை அங்குலம். எங்கள் கடைக்கு வரும் ஓர் அக்கா தன் பாட்டி இருந்த கேம்பல் லேன் கடைவீட்டை இப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று வருடமாகிறது, இன்னும் மேல்மாடிக்கு வரவில்லை. போன மாதம் பூக்கட்டும் பலகையின் மேல் வைக்க வாழைநார் வேண்டும் என்று வந்தார். நிஜ நாரையே எட்டாகப் பிளந்து பார்த்தோம், அப்போதும் தடிமனாக இருந்தது. கடைசியில் பழைய பட்டுப்புடவை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். டார்ச், அளவுகோல், வெள்ளைத்தாள், பூதக்கண்ணாடி. பின்பலகை, கூரையின் உள்பக்கம், ஒரு கீல், சுவர்த்தாள் தூக்கி நிற்கும் ஒரு மூலை, இந்த நான்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்முகத்தின் படம் எனக்கு வேண்டாம். அந்த நான்கையும் அனுப்பினால் பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசலாம்.